மூடினால் சூடு, திறந்தால் தண்ணீர்

நஸ்மியே வீட்டு பாய்லர் ஒழுகுகிறது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். அவளாக யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. மூன்றாவது மாடி பால்கனிச் சுவரைத் துளைத்துக்கொண்டு விரல் தண்டிக்கு ஒரு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முனையில் தொங்கிய பனிக்கட்டிதான் ஊருக்கெல்லாம் சேதி சொன்னது. காலையில் ரொட்டி வாங்கப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நேத்தைக்கு இன்னிக்கு ஒரு சாண் நீண்டிருக்கு" என்று பேசிக்கொண்டு போனார்கள். துருக்கியின் சிவாஸ் ஊரில் ஜனவரி மாதத்தில் வேடிக்கை பார்க்க வேறு என்ன இருக்கிறது?

நஸ்மியேவுக்கு அது வேடிக்கையாக இல்லை. வியாழக்கிழமை மதியம் நீதிமன்றத்திலிருந்து ஒரு அம்மாள் வருகிறாள். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று நீதிபதிக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரி அவள். கூடவே மகள் எல்வானையும் அழைத்துவருவாள். வீட்டைச் சுற்றிப் பார்ப்பாள், தாயும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பாள், போய் எழுதுவாள். பிரிந்த புருஷன் துன்ஜாய் ஏற்கெனவே நீதிபதி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொல்லிவிட்டான்: "அந்த வீட்டுல மனுஷன் இருக்க முடியாதுங்க. புள்ள விறைச்சுப் போயிடும்." அவன் இருப்பது புதுக் குடியிருப்பு. சுவரில் ஒரு பொத்தானைத் தட்டினால் வீடு முழுக்க வெதுவெதுப்பாகிவிடும். அப்படிப்பட்டவனுக்கு அடுத்தவள் வீட்டுக் குளிரைப் பற்றிப் பேச வாய் நீளும்தானே.

எட்டு வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தினாள். அவன் கோபத்துக்குப் பழகிப் பழகி, சாவி துவாரத்தில் சாவி திரும்பும் சத்தத்தை வைத்தே அன்றைய வானிலையைச் சொல்லிவிடுவாள். போன செப்டம்பரில் ஒருநாள் சண்டை முற்றி அவன் கதவை அறைந்து சாத்தியபோது இவள் வெளியே நின்றாள், குழந்தை உள்ளே நின்றது. அவ்வளவுதான். தீர்ப்பு வருகிறவரை குழந்தை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றது நீதிமன்றம். இவள் கறிக் கொழுக்கட்டை பிடிக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு கரண்டியில் நாற்பது அடங்க வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்களின் வீம்பு. நகம் அளவு மாவுச் சதுரத்தில் கறியை வைத்து நாலு மூலையையும் கிள்ளி மூடுகிற வேலை. பகலெல்லாம் கிள்ளிக் கிள்ளி விரல் நுனி மரத்துப்போகும். அந்த விரல்களோடு வீட்டுக்கு வந்து பாய்லரோடு மல்லுக்கு நிற்பாள்.

பாய்லர் சமையலறையை ஒட்டிய பால்கனியில் இருந்தது. வெள்ளைப் பெட்டி. உள்ளே எரியும் ஒரே நெருப்பு இரண்டு தண்ணீரைச் சுட வைக்கும். ஒன்று ரேடியேட்டர்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிற தண்ணீர். அது வெளியே போகாது, புதிதாக உள்ளேயும் வரக் கூடாது. இன்னொன்று குளிக்க, பாத்திரம் கழுவ, குழாயில் வருகிற தண்ணீர். பெட்டியின் அடியில் ஒரு சின்ன மீட்டர். முள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நின்றால் எல்லாம் நலம். நஸ்மியே வீட்டு முள்ளோ காலையில் எழுந்து பார்க்கும்போது மூன்றைத் தாண்டிச் சிவப்புக்குள் படுத்திருக்கும். அழுத்தம் தாங்காமல் சேஃப்டி வால்வு திறந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாய் வழியாகத் துப்பும். கொஞ்ச நேரத்தில் பெட்டி தானே அணைந்து சிவப்பு விளக்கைக் காட்டும். வீடு பாழுங்கிணறு மாதிரி குளிர ஆரம்பிக்கும்.

இவள் ஒரு குண்டானை எடுத்துக்கொண்டு ரேடியேட்டரின் மூக்கைத் திருகித் தண்ணீரை வடிப்பாள், முள் இறங்கும், பெட்டியை மறுபடி தட்டி எழுப்புவாள். பிறகு ஜன்னல் வழியாக எக்கி, வெளிக்குழாய் முனையில் கெட்டித்த பனிக்கட்டிமேல் வெந்நீர் ஊற்றுவாள். முனை அடைத்துக்கொண்டால் பெட்டி வெடித்துவிடும் என்று பயம். இத்தனையும் முடித்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். சாயங்காலம் வந்தால் மறுபடி அதே கூத்து.

பாய்லர் மெக்கானிக் பெகிர் இரண்டு தடவை வந்துபோனான். முதல் தடவை வால்வை மாற்றினான். "கிழட்டு வால்வு, அக்கா. பல்லு போன கிழவன் மாதிரி, வாயை மூட முடியல அதால" என்றான். மறுநாளே புது வால்வும் ஒழுகியது. இரண்டாம் தடவை உள்ளே இருக்கிற காற்றுப் பையில் காற்று இறங்கிவிட்டது என்று சைக்கிள் பம்பை வைத்து அடித்தான். சுட்ட தண்ணீர் உப்பும்போது அந்தப் பைதான் இடம் கொடுக்க வேண்டுமாம். அவன் அடித்துவிட்டுப் போன அன்று ராத்திரி இவள் பெட்டியை அணைத்துவிட்டே படுத்தாள். விடிந்து பார்த்தால் முள் சிவப்பில். சுடவே இல்லாத தண்ணீர் எப்படி உப்பும் என்று கேட்க அவனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அணைச்சு வச்சிருந்தேன். அப்பவும் ஏறியிருக்கு."

"நிரப்புற குழாயைச் சரியா மூடியிருக்க மாட்டே, அக்கா. பெட்டிக்கு அடியில கறுப்புத் திருகு இருக்கில்ல, அதை இறுக்கு."

"உள்ளங்கை கிழியுற வரைக்கும் இறுக்கியாச்சு."

"அப்ப நான் நேர்ல வந்துதான் பாக்கணும். ஊர்ல பாதி வீடு விறைச்சுக் கிடக்கு, அக்கா. ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு கட்டடம் முழுக்கப் போச்சு. சனிக்கிழமை வரேன்."

"வியாழக்கிழமை என் பொண்ணு வர்றா, அண்ணே."

"பாக்கறேன்" என்றான். பாக்கறேன் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம், உலகம் முழுக்க அப்படித்தான். போனை வைப்பதற்கு முன்னால், "ஒண்ணு மட்டும் சொல்றேன். வெளிக்குழாயை மட்டும் அடைச்சுத் தொலைச்சிடாதே. அடைச்சா பெட்டி வந்து உன் மடியில உக்காந்துக்கும்" என்றான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் அதைத்தான் செய்யப் போனாள். முக்காலியைப் போட்டு ஏறி, பால்கனி ஜன்னலைத் திறந்து, துடைப்பக் கட்டையில் சீவி எடுத்த ஒரு முளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் தாங்கினால் போதும், அதற்கப்புறம் வெடித்தால் வெடிக்கட்டும், நானும் சேர்ந்து வெடிக்கிறேன் என்று அவள் நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள். குழந்தையை இழந்துவிடுவோம் என்று பயந்த பெண்ணுக்கு யோசனை இப்படித்தான் ஓடும். முளையைக் குழாய் முனையில் வைத்து அழுத்தப்போன நேரத்தில் வாசல் கதவை யாரோ பலகையால் அடித்தார்கள்.

பலகை இல்லை. கீழ்வீட்டு ஹைரியே. கக்கத்தில் ஒரு படுக்கை விரிப்பை இடுக்கிக்கொண்டு நின்றாள். விரிப்பு விறைத்து, கதவு மாதிரி நிமிர்ந்து நின்றது.

"இதைப் பாருடி. நல்லாப் பாரு. இதை விரிச்சு என் புருஷனைப் படுக்க வைக்கவா, இல்ல இதைப் போட்டு ஆத்தைத் தாண்டவா?"

"மன்னிச்சிடுங்க, பெரியம்மா."

"மன்னிப்பு காயுமாடி? உன் வீட்டுக் குழாய் என் கொடி மேலேயே குறி பாத்துச் சொட்டுது. நாலு வாரமா நான் ஒரு துணி உருப்படியா உலர்த்தல. அந்தப் பனிக்கட்டி என் கிராதியைத் தொட்டாச்சு. இனிமே உள்ள வந்து டீ கேக்கப் போவுது."

வேறு நாளாக இருந்தால் நஸ்மியே தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்பாள். அன்றைக்கு அவளால் முடியவில்லை. கையில் இருந்த முளையைத் தூக்கிக் காட்டி, "இதோ அடைக்கத்தான் போறேன்! போதுமா? வெடிச்சாலும் பரவால்லன்னு அடைக்கப் போறேன். உங்க விரிப்பு காயட்டும்!" என்று கத்தினாள். கத்திவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஹைரியே விரிப்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அவளுக்கு நாக்கு நீளமே தவிர மனசு கல் இல்லை. குனிந்து முளையைப் பிடுங்கி மாடிப்படியில் எறிந்தாள். பிறகு, திட்டுவதைப் பாதியில் விட மனசில்லாமல், சுருதியை மட்டும் குறைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"தினமும் ஒழுகினாக்கூட விதின்னு விட்டுடுவேன். வெள்ளிக்கிழமை ஒருநாள் ஒழுகல. நானும் அப்பாடா ரிப்பேர் பண்ணிட்டா மவராசின்னு நெனச்சு, இருக்கிற துணியெல்லாம் தோச்சு..."

"தோச்சீங்களா? வெள்ளிக்கிழமை தண்ணி வெட்டாச்சே."

"முந்தின நாளே தொட்டி ரொப்பி வச்சிருந்தேன்டி. எனக்குத் தெரியாதா நகராட்சியை? பகல் முழுக்கத் தண்ணி இல்ல. சாயங்காலம் தண்ணி வந்தப்புறம் பாரு, மறுபடி டொப்பு டொப்புன்னு..."

நஸ்மியே அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்த வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்தபோது வீடு சூடாக இருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை. ஏதோ புண்ணியம் என்று எண்ணிக்கொண்டு ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தே தூங்கிப்போனாள்.

"பெரியம்மா, ஊர்த்தண்ணி நின்னப்போ இதுவும் நின்னுச்சா?"

"அதைத்தானே சொல்றேன்."

"வந்தப்புறம்தான் சொட்டுச்சா?"

"ஏன்டி, வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை பண்றே?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். அவளுக்கும் உறைத்துவிட்டது. "அப்ப ஊர்த்தண்ணிதான் உன் பெட்டிக்குள்ள பூந்துக்கிட்டு இருக்கு!"

இரண்டு பேரும் பால்கனிக்குப் போனார்கள். வீட்டுக்குத் தண்ணீர் வருகிற மெயின் வால்வு பால்கனிக் கழுவுதொட்டிக்குக் கீழே இருந்தது. ஊருக்குப் போகிறவர்கள் எல்லாம் அதை மூடிவிட்டுப் போவது வழக்கம். நஸ்மியே அதைத் திருகி மூடினாள். ரேடியேட்டரில் கொஞ்சம் தண்ணீரை வடித்து முள்ளை ஒன்றரையில் நிறுத்தினாள். பெட்டியை எழுப்பினாள். இரண்டு பெண்களும் முக்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூடு ஏற ஏற முள் ஒரு நூல் ஏறியது, அப்படியே நின்றது. வெளிக்குழாய் வாயைத் திறக்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தபோதும் முள் வைத்த இடத்திலேயே இருந்தது.

விடிந்ததும் விடியாததுமாகப் பெகிருக்குப் போன் போட்டாள். அவன் எரிச்சலோடு எடுத்தான், கேட்கக் கேட்க எரிச்சல் இறங்கியது.

"மெயினை மூடினா நிக்குதா? சரி, இப்ப மூடினபடியே வச்சுக்கிட்டு சுடுதண்ணிக் குழாயைக் கொஞ்சம் திற. என்ன வருதுன்னு சொல்லு."

திறந்தாள். குழாய் இருமியது. ஒன்றும் வரவில்லை. பிறகு நூல் மாதிரி, மையைக் கரைத்த நிறத்தில் தண்ணீர் வந்தது.

"கறுப்பா வருது, அண்ணே. நாத்தமும் அடிக்குது."

"மூடு, மூடு! அது ரேடியேட்டர்ல வருஷக்கணக்கா ஊறின தண்ணி. உள்ளே ரெண்டு தண்ணிக்கும் நடுவுல ஒரு அடுக்குத் தகடு இருக்கு. அது பொத்தல் விட்டிருக்கு. ஊர்த்தண்ணிக்கு வேகம் ஜாஸ்தி, அதனால அது இந்தப் பக்கம் பூருது. நீ மெயினை மூடிட்டுக் குழாயைத் திறந்தா இது அந்தப் பக்கம் பூருது. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். வால்வு மேல பழியைப் போட்டேன், அது பாவம் அதோட வேலையைத்தான் பண்ணிட்டு இருந்திருக்கு."

"தகடு மாத்தலாமா? இன்னிக்கு?"

"கய்செரியிலிருந்து வரணும், அக்கா. பாதையில பனி, லாரி எல்லாம் நிக்குது. சனிக்கிழமைக்கு முன்னால என்னால முடியாது, சத்தியமா."

"பெட்டிக்கு மட்டும் தனியா ஒரு வால்வு இருக்கே?"

"அது துருப்பிடிச்சு, கைப்பிடியும் முறிஞ்சு கிடக்கு, நான் பாத்தேன். கொறடு போட்டுத் திருகினா, கையோட வந்துடும். வீடு ஏரியாயிடும். தொடாதே. மெயினை மூடியே வை. சூடு இருக்கும், தண்ணி இருக்காது. திறந்தா தண்ணி இருக்கும், சூடு இருக்காது. ரெண்டுல ஒண்ணு."

ரெண்டுல ஒண்ணு. பட்டறையில் அன்று முழுக்க மாவைக் கிள்ளிக்கொண்டே அவள் அதையே அரைத்தாள். சூடு இல்லை என்றுதான் துன்ஜாய் நீதிபதியிடம் சொல்லியிருக்கிறான். வருகிறவள் கதவைத் திறந்ததும் முதலில் முகத்தில் படுவது சூடோ குளிரோதான். குழாயை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? சூட்டையே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள். புதன் சாயங்காலம் கொஞ்ச நேரம் மெயினைத் திறந்து, வாளி, குடம், ஜாடி, காலி எண்ணெய் பாட்டில் என்று கையில் கிடைத்ததிலெல்லாம் தண்ணீரைப் பிடித்து வைத்தாள். தண்ணீர் வெட்டுக்குப் பழகிய ஊரில் இது எந்தப் பெண்ணுக்கும் கைவந்த கலை. மறுபடி மூடிவிட்டு, யாரும் தெரியாமல் திறந்துவிடாதபடி சுடுதண்ணித் திருகுகளின்மேல் துவாலையைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

வியாழக்கிழமை மதியம் வந்த அதிகாரியின் பெயர் நில்கூன். நடுத்தர வயது, மூக்கு குளிரில் சிவந்திருந்தது. வாசலில் பூட்ஸைக் கழற்றி, நஸ்மியே எடுத்துவைத்த வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவள் பின்னால் எல்வான் நின்றாள். ஆறு வயது. கழுத்து வரை பொத்தான் போட்ட தடித்த கோட்டு, அதற்கு மேல் மூக்கை மூடி மஃப்ளர். கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

நஸ்மியே மண்டியிட்டுக் கட்டிக்கொண்டாள். கோட்டுக்குள்ளிருந்து குழந்தை கிடைக்கவே இல்லை. பஞ்சு மூட்டையைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

வீடு சூடாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது. நில்கூன் கையுறையைக் கழற்றி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தாள், படுக்கையறைக்குப் போய் அங்கே இருந்ததையும் தொட்டாள். நஸ்மியே அந்தக் கையையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

"டீ குடிக்கிறீங்களா, மேடம்?"

"வேண்டாம்மா. வேலையா வந்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் வழக்கம்போல இருங்க, நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன்."

வழக்கம்போல இருக்க எங்கே வழக்கம் இருந்தது? நாலு மாசத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு கடையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முகம் பார்த்ததுதான். நஸ்மியே வாதுமை வைத்த தேன் பலகாரத்தைத் தட்டில் வைத்தாள். எல்வான் மஃப்ளரை மட்டும் கீழே இழுத்துவிட்டுச் சாப்பிட்டாள். மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. நெற்றி முடி ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"கோட்டைக் கழட்டும்மா, கண்ணு."

"கழட்டக் கூடாது."

"ஏன்?"

"அப்பா சொன்னாரு. இங்க குளிரும்னு. கழட்டினா நெஞ்சுல சளி கட்டிச் செத்துப் போயிடுவேன்னு."

"இப்ப குளிருதா உனக்கு?"

எல்வான் யோசித்தாள். "தெரியல" என்றாள்.

நஸ்மியேவுக்குப் பாழாய்ப் போன அந்த மனிதனின் கழுத்தைக் கொழுக்கட்டை மாதிரி கிள்ளி மூட வேண்டும் போல இருந்தது. சிரித்துக்கொண்டே இன்னொரு பலகாரத்தை வைத்தாள். நான்கு வாரமாக எந்த முள்ளோடு போராடினாளோ அது பால்கனியில் அடங்கிக் கிடந்தது, வீடு அடுப்பு மாதிரி இருந்தது, குழந்தையின் மனசுக்கோ அந்தச் சூடு இன்னும் போய்ச் சேரவில்லை.

"கை பிசுபிசுங்குது" என்று சொல்லிக்கொண்டு எல்வான் எழுந்து ஓடினாள். நஸ்மியே ஜாடியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவதற்குள் குளியலறையிலிருந்து கத்தல் வந்தது.

"அம்மா! அம்மா, கறுப்பா வருது!"

குழந்தை துவாலை முடிச்சை அவிழ்த்துவிட்டிருந்தாள். திருகு திறந்திருந்தது. வெள்ளைத் தொட்டியில் மை போல நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. நஸ்மியே பாய்ந்து மூடினாள். நிமிர்ந்தபோது கதவுப் பக்கம் நில்கூன் நின்றிருந்தாள். அவள் கண் தொட்டியைப் பார்த்தது, அவிழ்ந்த துவாலையைப் பார்த்தது, மூலையில் வரிசையாக நின்ற வாளிகளையும் எண்ணெய் பாட்டில்களையும் பார்த்தது.

"தண்ணி வெட்டா?" என்று கேட்டாள்.

பொய் தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். இந்த ஊரில் அதைச் சந்தேகப்பட ஆளில்லை. நஸ்மியே ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இல்ல, மேடம். நான்தான் மூடி வச்சிருக்கேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. நாலு வாரமாக ஒண்டியாகத் தூக்கிச் சுமந்து அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது, அதுதான் காரணமாக இருக்கும். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. தகடு, பொத்தல், கய்செரி லாரி, வெள்ளிக்கிழமை, விறைத்த விரிப்பு எல்லாவற்றையும் கொட்டினாள். நில்கூனுக்குப் பாதி புரியவில்லை. "வாங்க, காட்டறேன்" என்று அவள் கையைப் பிடித்தே பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு அதிகாரியின் கையைப் பிடித்து இழுக்கிறோம் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை.

முள் ஒன்றுக்குக் கீழே இறங்கியிருந்தது. இன்னும் சற்று வடிந்திருந்தால் பெட்டி அணைந்திருக்கும். "இப்பப் பாருங்க" என்று மெயினைத் திறந்தாள். குழாய்களுக்குள் சளசளவென்று தண்ணீர் ஏறியது. முள் நகர்ந்தது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏறி ஒன்றைத் தாண்டி, இரண்டைத் தாண்டி, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பைத் தொட்டது. வெளியே முதல் சொட்டு விழுந்தது. கீழே இருந்து குரல் எழும்பியது.

"அடியே நஸ்மியே! மறுபடி திறந்துட்டியா, பாவி? இப்பத்தான்டி போர்வை போட்டேன்!"

நில்கூனின் உதடு துடித்தது. சிரிப்பாக இருக்கலாம், உடனே அடக்கிக்கொண்டாள். நஸ்மியே மெயினை மூடினாள். முழங்காலிட்டு நிரப்புக் குழாயை மறுபடி ஒருமுறை இறுக்கினாள், தேவையே இல்லாமல்.

"சனிக்கிழமை தகடு வந்துடும், மேடம். சத்தியமா வந்துடும்."

"வரலேன்னா?"

நஸ்மியே திருகிலிருந்து கையை எடுத்தாள்.

"பாதை திறக்கல, மெக்கானிக் வரல, குழந்தை இந்த வீட்டுல இருக்கு. எதை மூடுவே? சூட்டையா, தண்ணியையா?"

இது கேள்வியா, தீர்ப்பா என்று தெரியாமல் நஸ்மியே அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு, யோசிக்க ஒன்றும் இல்லாததால், இரண்டு நாளாகச் செய்துகொண்டிருந்ததையே சொன்னாள்.

"அவ குளிக்கிறப்போ திறப்பேன். கறுப்பு போய் வெள்ளையா வர வரைக்கும் விட்டுட்டுத்தான் அவ மேல ஊத்துவேன். துவட்டினதும் மூடுவேன். ரேடியேட்டர்ல வடிச்சு முள்ளை இறக்குவேன். அவ தூங்குறப்போ சூடு இருக்கும். நான் முழிச்சிருந்து பாத்துக்குவேன்."

"எத்தனை நாளைக்கு முழிச்சிருப்பே?"

"அவளை அனுப்புங்க, மேடம். அப்புறம் எண்ணிப் பாருங்க."

நில்கூன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளிக்குழாய் முனையில் தொங்கிய கட்டியின் மேல் புதிதாக விழுந்த தண்ணீர் அதற்குள் கண்ணாடியாக ஒட்டியிருந்தது. "நான் பாத்ததைத்தான் எழுத முடியும். குழாயில வந்ததையும் எழுதணும்" என்றாள்.

"எழுதுங்க."

"அடுத்த வாரம் மறுபடி வருவேன். சொல்லிட்டு வரமாட்டேன். அன்னிக்குத் தண்ணியும் இருக்கணும், சூடும் இருக்கணும்."

அறைக்குத் திரும்பியபோது எல்வான் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்திருந்தாள். கோட்டு பக்கத்தில் கிடந்தது. மஃப்ளர், தொப்பி, மேல் ஸ்வெட்டர், அதற்குள் இருந்த இன்னொரு ஸ்வெட்டர் எல்லாம் உரித்த வெங்காயத் தோல் மாதிரி சுற்றிலும் கிடந்தன. பனியனோடு இருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. இந்தத் தடவை யாரும் கழற்றச் சொல்லவில்லை. நஸ்மியே வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த வெறும் தோளில் முகத்தை வைத்தாள். சூடாக, வியர்வையும் தேனுமாக மணத்தது. குழந்தை நகராமல் சாய்ந்துகொண்டாள். நில்கூன் கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"கிளம்பணும், எல்வான். அப்பா கீழே கார்ல காத்திருக்காரு" என்று கடைசியில் நில்கூன்தான் சொன்னாள்.

ஸ்வெட்டர்களைப் போட்டுக்கொள்ள எல்வான் தகராறு செய்யவில்லை. கோட்டை நஸ்மியே எடுத்தபோது மட்டும் பின்வாங்கினாள்.

"அது இங்கயே இருக்கட்டும்."

"வெளியில குளிரும்டா."

"இருக்கட்டும். நாளைக்கு வந்து போட்டுக்கறேன். கோட்டு இங்க இருந்தா திரும்ப வரணும்ல?"

நில்கூன் சட்டென்று வாசலுக்குப் போய்க் குனிந்து தன் பூட்ஸ் கயிற்றை நோண்ட ஆரம்பித்தாள். வெளியே பகல் வெளிச்சத்திலேயே மூச்சு உறைகிற குளிர். கீழே காரில் இருக்கிறவனோ, குழந்தை கோட்டில்லாமல் இறங்கி வந்தால் அதைப் படமெடுத்து நீதிபதியிடம் நீட்டிவிடுவான். அவனே இல்லாவிட்டாலும்கூட, எந்தத் தாய் அப்படி அனுப்புவாள்?

"கையை நீட்டு, கண்ணு."

"மாட்டேன்."

கையைப் பிடித்து உள்ளே நுழைத்தாள். எல்வான் கட்டையாக விறைத்துக்கொண்டாள். மற்றக் கையையும் நுழைத்தாள். குழந்தை அழ ஆரம்பித்தாள். "நீதானே கழட்டச் சொன்னே! நீதானே சொன்னே!"

"ஆமாடா தங்கம், நான்தான் சொன்னேன்."

கீழிருந்து ஒவ்வொன்றாகப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தாள். கொழுக்கட்டை கிள்ளி மரத்த விரல் என்பதால் ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடித்தது. அவள் அவசரப்படவில்லை. கடைசிப் பொத்தான் கழுத்துக்கு அடியில் இருந்தது. அதைப் போடக் குழந்தையின் மோவாயை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது.